அமெரிக்காவில் வாடகை ஒப்பந்தத்தோடு (லீஸ்) வந்த அறிவிப்புத் தாள்கள்: உங்கள் அனுபவம்?

நியூஜெர்சிக்காரன்:
1978க்கு முன் கட்டிய வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும், சுவரில் ஈயம் கலந்த பழைய பெயின்ட் இருப்பது தெரியுமா என்று ஓனர் எழுதித் தரும் அந்த ஈயப் பெயின்ட் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். ஓனர் வாசலில் காத்திருந்தார், முப்பது சொச்சம் பக்கம், யார் படிப்பது? கூடவே தந்த சின்னப் புத்தகம் மைக்ரோவேவ் மேல் போய்விட்டது. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாப்பா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயில் விரலை விட்டு எடுத்தால், நகத்தளவு வெள்ளைச் செதில், பல் தடத்தோடு. ஒரு வயது ரத்தப் பரிசோதனையில் ஈயம் 6 என்று வந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் எட்டினாலே இங்கே கவனிப்பார்கள். வீடு மாறினோம், இறங்கிவிட்டது. ஆனால் அந்தத் தாளில் "எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை" என்ற கட்டத்தில் ஓனர் போட்ட டிக் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குயின்ஸ்_வாசி:
எங்களுக்கு மூட்டைப்பூச்சி. நியூயார்க் நகரத்தில் போன ஒரு வருஷத்தில் அந்த வீட்டிலும் கட்டிடத்திலும் பூச்சி இருந்ததா என்று எழுதித் தர வேண்டும். "இல்லை" என்று தந்தார்கள். குடிபோன இரண்டாம் வாரம், தோளில் அரிசி மூட்டையோடு லிப்டில் நிற்கிறேன். பக்கத்துவீட்டுப் பாட்டி, "மருந்து வாடை போய்விட்டதா? போன மாதம்தானே உங்கள் வீட்டில் அடித்தார்கள்?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். அன்று ராத்திரி மெத்தையைத் தூக்கி, தையலோரம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வேண்டாம், சாப்பிடும் நேரம்.

பாஸ்டன்_ரமணா:
நியூஜெர்சி நண்பருக்கு: கோபம் புரிகிறது, ஆனால் ஓனரை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தத் தாளைக் கொண்டுவந்த 1992 சட்டம் தெரிந்ததைச் சொல் என்கிறதே தவிர, சோதித்துப் பார் என்று சொல்லவில்லை. சோதிக்காதவருக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். அதனால் டிக்கை நம்பாமல், பழைய பரிசோதனை அறிக்கை இருந்தால் கேளுங்கள். இருந்தால் தந்தே ஆக வேண்டும். கையெழுத்திட்ட தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓனரும் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த பெயின்டைச் சுரண்டவே சுரண்டாதீர்கள், தூசிதான் உள்ளே போகும். எங்கள் மாசசூசெட்ஸில் ஆறு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் ஈய அபாயத்தை ஓனரே சரிசெய்து தர வேண்டும். என் அனுபவமா? "குழந்தை உண்டா?" என்று கேட்டார், உண்டு என்றேன். மறுநாள் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது என்றார். குழந்தையைக் காரணம் காட்டி மறுப்பதும் சட்டப்படி தப்புதான். யார் நிரூபிப்பது?

நியூஜெர்சிக்காரன்:
ரமணா சார், நான் யோசனை கேட்கவில்லை. தெரியாது என்கிறீர்களே, அவர் பிறந்து வளர்ந்த வீடு அது. சாவி தரும்போது, "அந்த ஜன்னலை ரொம்பத் திறந்து மூடாதீர்கள்" என்று அவரேதான் சொன்னார். ஜன்னல் பழசு என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

சன்னிவேல்_சரவணன்:
நம்முடையது வேறு ரகம். கலிபோர்னியாவில் வீட்டில் நடந்த சாவு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் ஓனர் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. ஏஜென்ட், "மூன்று வருஷத்தில் எதுவும் இல்லை" என்றார். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா விடவில்லை, "அதுக்கு முன்னாடி?" என்று கேட்கச் சொன்னார். ஏஜென்ட் செருப்பையே பார்த்துக்கொண்டு, நாலரை வருஷத்துக்கு முன்னால் ஒரு தாத்தா, படுக்கையறையில், தூக்கத்திலேயே என்றார். "வயசாளியா? கல்யாணச் சாவுடா, எடுத்துக்கோ" என்றார் அம்மா. எடுத்துவிட்டேன். அம்மா ஆறு மாதம் அந்த அறையில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இப்போது நான் ஹாலில் சோபாவில்தான் படுக்கிறேன்.