1500 வாட் ஹீட்டர் ராடு 1265 வாட்தான் இழுக்குது, டூப்ளிகேட்டா?

ஓசூர்_பையன்:
அவசரம் நண்பர்களே. போன வாரம் வாங்கின வாட்டர் ஹீட்டர் ராடு, மேல 1500 வாட்னு போட்டிருக்கு. ஒரு பக்கெட் தண்ணி காய ரொம்ப நேரமாகுது. ஆம்ப்ஸ் பார்த்தேன், 5.5 தான். 230 பெருக்கல் 5.5 = 1265. மீதி 235 வாட் எங்க போச்சு? கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேங்கிறார். நாளைக்குப் போய் சண்டை போடணும், கணக்கு சரியான்னு மட்டும் சொல்லுங்க.

மின்வெட்டு:
கணக்கு சரி. 1500 வாட்டுக்கு 6.5 ஆம்ப்ஸ் வரணும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா? இல்லேன்னா டூப்ளிகேட்தான், விடாதீங்க.

பியூஸ்கட்டை:
ஆம்ப்ஸை எதுல பார்த்தீங்க, எங்க பார்த்தீங்க? ராடோட ஒயரை அப்படியே கிளாம்ப் மீட்டர்ல கவ்வ வெச்சா பூஜ்யம்தான் காட்டும், போற கரண்டும் வர்ற கரண்டும் அடிபட்டுப் போகும். மல்டிமீட்டரை லைன்ல கோத்துப் பார்த்திருந்தா இனிமே அதைச் செய்யாதீங்க.

சர்க்யூட்_சாமி:
பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல மின்னோட்டவியல் பாடம் இருக்கு தம்பி. அதை ஒரு தடவை புரட்டியிருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. அந்த 230 நீங்க அளந்ததா, இல்ல நீங்களா போட்டுக்கிட்டதா?

ஓசூர்_பையன்:
பக்கத்து வீட்டு அண்ணனோட கிளாம்ப் மீட்டர். வீட்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மெயின் போர்டுல பேஸ் ஒயர்ல மட்டும் போட்டார். வோல்டேஜ் பார்க்கல. 230 தானே வரும்?

டெஸ்டர்_தாத்தா:
வோல்டேஜைத் தேடிப் போகாதீங்க தம்பி. வோல்டேஜ் இறங்கினா ஆம்ப்ஸ் ஏறும், இது எங்க ஊர்ல பம்புசெட் வெச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். 180க்கு இறங்கிச்சுன்னா மோட்டார் உறும ஆரம்பிச்சுடும், கவனிக்காம விட்டா காயில் கருகிடும். உங்களுக்கு ஆம்ப்ஸ் குறையுது. அப்போ கோளாறு ராடுலதான்.

பியூஸ்கட்டை:
ஐயா, நீங்க சொல்றது மோட்டாருக்குச் சரி. கிணத்துத் தண்ணியை மேல ஏத்துற வேலை குறையாது, அதனால வோல்டேஜ் இறங்கினா அது ஆம்ப்ஸை அதிகமா இழுக்கும். ராடுல இருக்கிறது வெறும் கம்பிச்சுருள். வோல்டேஜ் குறைஞ்சா ஆம்ப்ஸும் கூடவே குறையும், ரெண்டையும் பெருக்கினாத்தான் வாட். அதனால வோல்டேஜ்ல 10 சதவீதம் போனா வாட்ல 19 சதவீதம் போயிடும்.

ஓசூர் தம்பி, ராடைக் கழட்டி, ஆறினதும் பிளக்கோட ரெண்டு சின்ன பின்னுக்கும் நடுவுல ஓம் பாருங்க. 230ஐ 230ஆல பெருக்கி 1500ஆல வகுத்தா 35.3. அது பக்கத்துல வந்தா ராடு நல்ல ராடு.

குண்டுபல்பு:
ஓம் பார்க்கிறதெல்லாம் வேஸ்ட். 100 வாட் குண்டு பல்பை மீட்டர்ல வெச்சுப் பாருங்க, 40 ஓம் சுமாருக்குத்தான் காட்டும். கணக்குப்படி 529 வரணும். அந்த 40ஐ நம்பினா பல்பு 1300 வாட்டுக்கு மேல எரியணும்! சூடான பிறகு இருக்கிற ஓம்தான் நிஜம்.

சர்க்யூட்_சாமி:
பல்புல இருக்கிறது டங்ஸ்டன், எரியும்போது 2500 டிகிரிக்குக் கிட்டப் போகும், ஓம் பத்து மடங்குக்கு மேல ஏறும். ராடுல இருக்கிறது நிக்ரோம், அதுவும் தண்ணிக்குள்ள. சூட்டுல அதோட ஓம் பெருசா நகராது. இதையும் அதையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க பதில் எழுதாம இருந்தாலே பாதி இழை சுருங்கிடும்.

குண்டுபல்பு:
பல்பைப் பத்திச் சொன்னது தப்பா, சரியா? அதை மட்டும் சொல்லுங்க சாமி.

ஓசூர்_பையன்:
35.6 ஓம். ராடு ஓடும்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல பக்கத்து ஓட்டையில வோல்டேஜ் பார்த்தோம், 196.

பியூஸ்கட்டை:
எக்ஸ்டென்ஷன் பாக்ஸா! இதை முதல்லயே சொல்லக்கூடாதா? 196ஐ 35.6ஆல வகுத்தா 5.5, உங்க மீட்டர் காட்டினது அதேதான். ராடு சொன்ன சொல் தவறல. ஆனா நீங்க போட்ட 1265ம் இல்ல, 196 பெருக்கல் 5.5, 1080 வாட் பக்கம்தான் தண்ணிக்குப் போகுது. ராடு ஓடும்போதே சுவர் பிளக்ல எவ்வளவு?

ஓசூர்_பையன்:
221. பாத்ரூம்ல பாயிண்ட் இல்ல, அதான் 5 ஆம்ப்ஸ் பாக்ஸ்ல கன்வெர்ட்டர் போட்டு ராடைச் சொருகினேன்.

பியூஸ்கட்டை:
உடனே நிறுத்துங்க. சுவருக்கும் பாக்ஸுக்கும் நடுவுல 25 வோல்ட் காணோம். 25 பெருக்கல் 5.5, கிட்டத்தட்ட 138 வாட் அந்த ஒயர்லயோ ஏதாவது ஒரு லூஸ் கனெக்‌ஷன்லயோ சூடாப் போயிட்டிருக்கு. ஒரு சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், அதுலயே ஈயம் உருகுது. பிளக்கைப் பிடுங்கிட்டு பாக்ஸைத் திறந்து பாருங்க. ராடு ஓடும்போது தண்ணியில கை வெச்சு சூடு பார்க்கிற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க.

மின்வெட்டு:
221ஏ கம்மிதானே, ஈபியில புகார் கொடுக்கலாமே? ஸ்டெபிலைசர் போட்டா?

சர்க்யூட்_சாமி:
ராடுக்கு ஸ்டெபிலைசரா! பக்கெட்டுக்கு ஏசி மாட்டலையா?

டெஸ்டர்_தாத்தா:
ஏசின்னு சொன்னதும் ஞாபகம் வருது, எங்க வீட்டு இன்வெர்ட்டர் ஏசியும் வோல்டேஜ் இறங்கினா ஆம்ப்ஸ் கூடத்தான் இழுக்குது. அதுக்கு என்ன சொல்றீங்க?

பியூஸ்கட்டை:
இழுக்கும் ஐயா. அதுக்குள்ள இருக்கிற போர்டு அறைக்கு வேண்டிய வாட்டை விடாம எடுக்கப் பார்க்கும். செல்போன் சார்ஜரும் அப்படித்தான். ராடுக்கு அந்த மூளை கிடையாது.

ஓசூர்_பையன்:
பாக்ஸுக்குள்ள ஒரு ஸ்க்ரூ லூஸு, ஒயர் முனை கருகி பிளாஸ்டிக் உருகியிருக்கு. கிச்சன் பவர் பிளக்ல நேரா போட்டேன், 6.2 ஆம்ப்ஸ். நன்றி அண்ணா.

குண்டுபல்பு:
சாமி, பல்பு விஷயத்துக்கு இன்னும் பதில் வரல.

மின்வெட்டு:
அந்த கிளாம்ப் மீட்டர் என்ன மாடல் தம்பி? ஆயிரம் ரூபாய்க்குள்ள வருமா?