வர மறுப்பவரை மனநல வார்டில் சேர்க்க அம்மாவின் கையெழுத்து போதுமா?

மொரப்பூர் தன்னார்வலர்:
பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் 34 வயது மகன். களியில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்லி வாரக்கணக்கில் அரைப்பட்டினி. நேற்று அம்மா மேல் அரிவாளை ஓங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். "கையெழுத்துப் போடுங்க, ஆள் அனுப்பித் தூக்கிக்கிறோம்" என்கிறது ஒரு தனியார் மையம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இதற்கு இடம் தருகிறதா?

வார்டு மருத்துவர்:
இல்லைங்க. பிரிவு 89-ல் அம்மாவின் விண்ணப்பம் முதல் படி மட்டும்தான். மகன் வேறு யாரையும் பிரதிநிதியாக எழுதி வைக்காதபோது உறவினர் விண்ணப்பிக்கலாம். சேர்க்கும் அன்றோ, முந்தைய 7 நாளிலோ ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். முதல் அறிக்கையைப் பார்த்து இரண்டாவதை எழுதுவதில்தான் பல சேர்க்கைகள் கெடுகின்றன. அரிவாள் ஓங்கிய தேதி, சாப்பிடாத நாட்கள் இரண்டையும் அம்மா எழுதித் தரட்டும். "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்பது காரணமே ஆகாது. சேர்த்தால் முதலில் 30 நாள் வரைதான். 7 நாளுக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு, அதாவது சேர்த்தது சரியா என்று பார்க்கும் அமைப்புக்கு, தகவல் போக வேண்டும். பெண் என்றால் 3 நாள்.

மொரப்பூர் தன்னார்வலர்:
இன்றிரவே மறுபடி அரிவாளை எடுத்தால்? அதுவரை சாற்றில் மாத்திரையைப் பொடித்துப் போடலாமா என்கிறார் அம்மா.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:
வேண்டவே வேண்டாம். அது சம்மதம் ஆகாது. விஷம் என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிறவர் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அம்மா கையால் வாங்கிச் சாப்பிடவே மாட்டார். பாதிச் சாறு மீந்தால் மருந்தின் அளவும் தெரியாது.

அவசரத்துக்குப் பிரிவு 94 இருக்கிறது. உயிருக்கோ பிறருக்கோ பெரிய ஆபத்து என்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் அம்மாவின் சம்மதத்தோடு ஊசி போடலாம், வீட்டிலேயே கூட. இந்த அவசர சிகிச்சை அதிகபட்சம் 72 மணி நேரம். மின் அதிர்ச்சி சிகிச்சை கூடாது. போலீஸ் வந்தால் பிரிவு 100: லாக்கப்பில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். ஆள் வைத்துத் தூக்கும் மையத்துக்கு இந்த அதிகாரம் எதுவும் கிடையாது.

வார்டு மருத்துவர்:
ஒன்று விட்டுப்போச்சு. உள்ளே வந்த பிறகும், அம்மாவின் சம்மதத்தில் சிகிச்சை நடக்கிறது என்றால், மகனே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். வந்துவிட்டால் அவர் சம்மதம்தான் செல்லும். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் எரிந்துபோனார்கள். இன்று சங்கிலி எந்த வடிவத்திலும் தடை. சேர்த்ததை எதிர்த்து வாரியத்துக்கு மனுப் போட மகனுக்கு உரிமை உண்டு, இலவச வக்கீலும் கிடைப்பார். அதை அவரிடமே சொல்லுங்கள், அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.