மரவியிடம் தோற்ற அலுமினியப் பெட்டி

(பந்தலூரிலிருந்து)

பொடித் தங்கம் பிடிக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர்களுக்கு என் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மண்ணுக்குத் தங்கப் பைத்தியம் புதிதல்ல. 1880 வாக்கில் லண்டனில் பங்கு திரட்டிய கம்பெனிகள் தேவாலா, பந்தலூர் மலைகளைக் குடைந்து, சில ஆண்டுகளில் கையை விரித்துவிட்டுப் போயின. நான் குடையவில்லை. தண்ணீரை ஓடவிட்டு மணலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் அலுமினியப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன், அவ்வளவுதான். நான்கு அடி நீளம், குறுக்கே தகடுகள், அடியில் ரப்பர் விரிப்பு.

நாடுகாணிச் சுரம் இறங்கினால் நிலம்பூர்ப் பக்கம் மச்சான் வீடு. புன்னப்புழை ஓரத்தில் பெட்டியை வைத்து, மணலை வாளி வாளியாகக் கொட்டினேன். தண்ணீர் நல்ல வேகம். தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம், எங்கே போய்விடும் என்று ஒரு தைரியம். மதியம் விரிப்பை அலசினால் கருமணல் மட்டும்தான்.

பக்கத்தில் ஒரு பெரியவர் மரவியில் மணல் அரித்துக்கொண்டிருந்தார். மரவி என்றால் மரத்தில் குடைந்த தட்டு. அவர் என் பெட்டியின் வாய்க்குக் கீழே ஒதுங்கியிருந்த மணலில் இரண்டு கை அள்ளிப்போட்டு ஆட்டினார். ஓரத்தில் ஆறேழு மஞ்சள் புள்ளிகள்! என் பெட்டி துப்பிய தங்கம். "வெள்ளத்தினு எந்தா மோனே இத்ர திருதி?" என்றார். தண்ணீருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று கேட்கிறார். அவசரம் எனக்குத்தான்.

"சேட்டா, என்ன தப்பு?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டது இது. கூழாங்கல்லோடு சேர்த்துக் கொட்டினால், கல் உருளும் இடமெல்லாம் தண்ணீர் சுழித்துப் பொடியைக் கிளப்பிவிடும். முதலில் மைதா சல்லடை போன்ற ஒன்றில் சலிக்க வேண்டும். பிறகு தண்ணீரைக் குறைத்து, பெட்டியை ஒரு அடிக்கு ஓர் அங்குலம் சாய்வாக வைக்க வேண்டும். ஆற்றுப் பொடி உருண்டையாக இருக்காது, செதில் செதிலாக இருக்கும். அதில் கை எண்ணெய் பட்டால் தண்ணீர் ஒட்டாமல் இலை மாதிரி மிதந்து போகும். அதற்கு ஒரு சொட்டு சோப்பு போதும். புதுப் பிளாஸ்டிக் தட்டானாலும் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே இறக்க வேண்டும்.

கருமணலைத் தங்கத்திலிருந்து பிரிக்கக் காந்தம் வைப்பவர்கள் காந்தத்தை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள். உறையோடு தூக்கி, வேறு தண்ணீரில் காந்தத்தை உருவினால் கருமணல் கொட்டும், இடையில் சிக்கிய பொடியும் தப்பாது. காந்தத்தில் ஒட்டாத கருமணலும் உண்டு. அதை மரவிதான் பிரிக்கும்.

ஒன்று மறந்துவிட்டேன். மோட்டார் வைத்து ஆற்றைத் தோண்ட நினைக்காதீர்கள். அனுமதியில்லாமல் செய்தால் வழக்கு வரும், ஆறும் கெடும்.

(குப்பத்திலிருந்து)

எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய பிறகு குடும்பம் இங்கே வந்தது. அங்கே சைனைடு மேடு என்று, தங்கம் எடுத்த பின் கொட்டிய கழிவு, சாம்பல் நிறத்தில் மலை மலையாகக் கிடக்கும். காற்றடித்தால் துணி, சோறு எல்லாம் தூசி. அதில் தங்கம் இருக்கிறதே என்று சித்தப்பா ஒரு சட்டி மண்ணைக் கழுவிப் பார்த்தார். ஒன்றும் கண்ணில் படவில்லை. மாவாக அரைபட்ட கல்லில் இருப்பதை சைனைடுதான் கரைத்து எடுக்கும், தட்டாலும் பெட்டியாலும் ஆகாது. கருவி வாங்கும் முன் உங்கள் மண்ணில் உள்ளது எந்த ரகப் பொடி என்று பாருங்கள்.

(கூடலூரிலிருந்து)

பாதரசத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. என் மாமா பொடித் தங்கம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று கருமணலில் பாதரசம் பிசைந்து, உருண்டையை இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுவார். 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகும், நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அதே அடுப்பில்தான் ராத்திரிச் சோறு. கடைசிக் காலத்தில் அவரால் டீ கிளாஸைச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை. அதனால்தானா என்று டாக்டர் யாரும் எழுதித் தரவில்லை. நாங்கள் அந்தக் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

(பந்தலூர், மறுபடியும்)

சோப்பு எவ்வளவு என்று கேட்டவருக்கு: பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, ஒரு வாளிக்கு ஒரு சொட்டு. நுரை கட்டினால் போட்டது அதிகம்.