பெரிய பேர் உள்ள கல்லூரியில் பார்த்து எழுதும் காப்பி குறைவா?

வைகைக்கரை:
தியாகராசர் பொறியியல் கல்லூரியில கம்ப்யூட்டர் கிடைக்குது, ஐ.ஐ.டி.யில உலோகவியல்தான் கிடைக்குது, எதை எடுக்கிறது? கவுன்சிலிங் நேரத்துல மதுரையில பல வீட்ல இதே பேச்சுதான். ஐ.ஐ.டி.ங்கிறவங்க முதல்ல சொல்ற காரணம், அங்க காப்பி நடக்காது, மார்க்குக்கு மதிப்பு உண்டுங்கிறது. இதை நான் ஒத்துக்க மாட்டேன். 2012ல ஹார்வர்டுல அமெரிக்க காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) பத்தின ஒரே பாடத்துல சுமார் 125 பேர் மேல விசாரணை. வீட்ல வச்சு எழுதுற பரீட்சை. புத்தகம், இணையம் எல்லாம் பார்க்கலாம், அடுத்தவங்களோட மட்டும் கலந்து பேசக்கூடாது. கடைசியில பாதிக்கு மேல பேரைக் கொஞ்ச காலம் வெளியே அனுப்புனாங்க. உலகத்துலயே பெரிய பேர், அங்கேயே இந்த நிலைமை.

தெற்குமாசி:
அண்ணே, அவங்க எப்படி மாட்டுனாங்கன்னும் பாருங்க. தாள் திருத்துனவர் ஒண்ணுபோல இருந்த பதில்களைக் கவனிச்சதாலதான் வெளியே வந்துச்சு. விடைத்தாளைப் படிக்காம மார்க் போடுற இடத்துல ஒருத்தரும் மாட்டமாட்டாங்க.

பேரோட பலனையும் லேசா நினைக்காதீங்க. செட்டி, டெமிங், ஃப்ரீட்மன்ங்கிற பொருளாதார ஆய்வாளர்கள் 2023ல வெளியிட்ட ஆய்வுல, ஐவி லீக் (ஹார்வர்டு மாதிரி பேர்போன அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள்) தரத்துல படிச்சவங்களையும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துல படிச்சவங்களையும் ஒப்பிட்டாங்க. சராசரி வருமானம் பெருசா மாறல. ஆனா உச்ச 1 சதவீத வருமானத்தைத் தொடுற வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடுது, பேர்போன நிறுவனத்துல வேலை கிடைக்கிற வாய்ப்பு ஏறக்குறைய மூணு மடங்காகுது. உசிலம்பட்டிப் பக்கம் சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு இது வேற எங்க கிடைக்கும்? ஐ.ஐ.டி. கல்விக் கட்டணம் வருஷம் 2 லட்சம்தான். குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழன்னா முழுத் தள்ளுபடி, 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, சாப்பாடு தனி.

ரெக்கார்டு நோட்டு:
இருவரும் கல்லூரிப் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காப்பிக்கு இடம் கொடுப்பது மாணவரிடம் வேலை வாங்கும் முறை. கம்பியில் தொங்கும் வட்டைத் திருகிவிட்டு ஆட வைக்கும் முறுக்கு ஊசல் சோதனையையே பாருங்கள். 10 அலைவுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் எடுக்க வேண்டும். வாட்ச் 0.01 நொடி வரை காட்டும், விரல் அழுத்தும் தாமதமோ அதைவிடப் பல மடங்கு. ஒரே ஆள் இரண்டு முறை எடுத்தாலே கடைசி இலக்கம் மாறும். நாலு பேர் நோட்டில் எல்லாக் கம்பி நீளத்துக்கும் இரண்டு தசமம் வரை அதே எண் நின்றால், அது போன வருட நோட்டிலிருந்து இறங்கியது. தடுக்க ஒரு பைசா செலவில்லை. அளவை அங்கேயே பேனாவால் எழுதி அன்றே கையெழுத்து வாங்க வேண்டும், அடித்துத் திருத்திய எண்ணும் தெரிய வேண்டும், கம்பி நீளம் பதிவு எண்ணின் கடைசி இலக்கப்படி ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

ஆய்வேட்டிலும் எழுத்துத் திருட்டைத் தேடும் மென்பொருள் தரும் ஒற்றுமைச் சதவீதத்தை நம்பி உட்கார முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி 10 சதவீத ஒற்றுமை வரை தண்டனை இல்லை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆங்கிலக் கட்டுரையை அப்படியே தமிழாக்கித் தன் பெயரில் கொடுத்தால், சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் மென்பொருளில் 2 சதவீதம்கூட வராது. செய்தது முழுத் திருட்டு.

தெற்குமாசி:
அப்போ நேர்ல உட்கார வச்சுக் கேட்கணும். வகுப்புல 60 பேர், ஆளுக்கு 5 நிமிஷம்னா 5 மணி நேரம். அதுக்கு ஆசிரியர் பலம் வேணும், அது பெரிய இடத்துலதானே இருக்கு?

ரெக்கார்டு நோட்டு:
60 பேரையும் கேட்க வேண்டாம். சீட்டுக் குலுக்கி 10 பேர், 50 நிமிடம், ஒரு பீரியடில் முடியும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லாரும் தயாராக வருவார்கள். "இந்த எண்ணை ஏன் இருமடி எடுத்தாய்?" என்று கேட்டாலே யார் செய்தது என்று தெரிந்துவிடும்.

வைகைக்கரை:
இது எந்தக் கல்லூரியிலயும் நடக்கும், ஒத்துக்கிறேன். ஆனா ஏ.ஐ. எழுதுனதைக் கண்டுபிடிக்கிற மென்பொருளை மட்டும் வச்சுத் தண்டிக்காதீங்க. 2023ல வந்த ஸ்டான்போர்டு ஆய்வுல, ஆங்கிலம் தாய்மொழியா இல்லாதவங்க தாங்களே எழுதுன டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகள்ல பாதிக்கு மேல ஏ.ஐ.ன்னு அந்த மென்பொருள்கள் முத்திரை குத்துச்சு. தமிழ் மீடியத்துல படிச்சு வர்ற பிள்ளைங்கதான் இதுல அநியாயமா அடிபடும். கூகுள் டாக்ஸ்ல எழுதச் சொல்லி, திருத்த வரலாற்றைப் பாருங்க. முழுக் கட்டுரையும் ஒரே நிமிஷத்துல ஒட்டப்பட்டிருந்தா, அப்ப கூப்பிட்டுக் கேளுங்க.

தெற்குமாசி:
அதுல நானும் உங்க கட்சிதான். உலோகவியலா இருந்தாலும் ஐ.ஐ.டி.ன்னுதான் இப்பவும் சொல்வேன். ஆனா எங்க சேர்த்தாலும், அந்தத் துறையோட கடைசி மூணு வருஷ உள்மதிப்பீட்டு வினாத்தாளைச் சீனியர்கள்கிட்ட வாங்கிப் பாருங்க. கணக்குல எண்கூட மாறாம வந்திருந்தா, அங்க போடுற இன்டர்னல் மார்க்கை நம்பாதீங்க.