16 வயசுல லைப்ரரில முதல் வேலை, ஒரு தாத்தா தேடி வந்த புக்

எனக்கு அப்போ 16 வயசு, ஸ்கூல் லீவு விட்டதும் பப்ளிக் லைப்ரரில ரெண்டு மாசம் வேலை கிடைச்சுது. நிறைய படிக்கலாம்னு ஆசையா போனேன், படிக்க நேரமே இருக்கல. ரிட்டர்ன் வந்த புக்கெல்லாம் டிராலில வச்சு தள்ளிட்டு போயி அதது இடத்துல அடுக்கணும், மிச்ச நேரம் ரேக் ரேக்கா வரிசை சரியா இருக்கான்னு பாக்கணும், அவ்ளோதான் வேலை.

அவ்ளோதான்னு சொல்லிட்டேன், ஆனா அந்த வரிசைல தான் எல்லாமே இருக்கு. எங்க லைப்ரரில டூயி தசம முறை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நம்பர் குடுத்து புக்க அடுக்கற முறை, மெல்வில் டூயி 1876ல வெளியிட்டது. 500 சயின்ஸ், அதுக்குள்ள 510 கணக்கு, 520 வானியல், 598 பறவைங்க, இப்படி போகும். புள்ளிக்கு அப்புறம் வர்ற நம்பர்ல தான் புதுசா வர்றவங்க மாட்டுவாங்க. 598.12, 598.9 ரெண்டுல எது முன்னாடி? 12 தானே பெருசுன்னு நான் 598.9ஐ முன்னாடி வச்சேன். தப்பு. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமா பாக்கணும், 1 முன்னாடி, 9 பின்னாடி. லைப்ரரியன் மேடம் திட்டல, அந்த தட்டு முழுக்க இறக்கி மறுபடி அடுக்க சொல்லிட்டு முடியற வரைக்கும் கூடவே நின்னாங்க.

மூணாவது வாரம் ஒரு தாத்தா வந்தார். நட்சத்திரங்கள பத்தின ஒரு பழைய புக், ரொம்ப வருஷம் முன்னாடி இங்கேயே படிச்சதாம், பேத்திக்கு காட்டணும்னார். கம்ப்யூட்டர்ல போட்டா 523.8, யாரும் எடுத்துட்டு போகல, உள்ளதான் இருக்குன்னு வருது, ஆனா ரேக்ல போய் பாத்தா இல்ல. ரெண்டு நாள் கழிச்சு வந்தார், இல்ல. திரும்பவும் வந்தார், "இன்னைக்காவது கெடச்சுதாம்மா"ன்னு கேட்டார், குரல்ல கோவமே இல்ல, எனக்கு அதுதான் தாங்கல.

மேடம்கிட்ட சொன்னேன். லைப்ரரில இடம் மாறி உட்கார்ந்த புக்கும் தொலைஞ்ச புக்கும் ஒண்ணுதான்மா, எவ்வளவு தேடினாலும் இருக்க வேண்டிய இடத்துல தானே தேடுவாங்கன்னாங்க. அப்புறம் தேடற விதத்த சொல்லி குடுத்தாங்க: மேல் தட்டு, கீழ் தட்டு, ரேக்குக்கு பின்னாடி விழுந்திருக்கா, பெரிய சைஸ் புக் வைக்கிற இடம், அதுலயும் இல்லன்னா நம்பர மாத்தி போட்டு பாரு. 523ஐ மாத்தினா 532. அது திரவங்க பத்தின ரேக். அங்க ரெண்டு தடி புக்குக்கு நடுவுல ஒல்லியா நின்னுட்டு இருந்துச்சு. அந்த ரேக்க அடுக்கினது நான்தான்.

தாத்தா வந்ததும், நான்தான் மாத்தி வச்சுட்டேன் தாத்தா, உங்கள வீணா அலைய விட்டுட்டேன்னு சொன்னேன். அவர் காதுல விழுந்த மாதிரியே தெரியல, நின்னபடியே நேரா ஒரு பக்கத்த திருப்பி அதுல இருந்த நட்சத்திர படத்துல விரல வச்சுட்டு அப்படியே இருந்தார்.

நம்ம ஊர் நூலக அறிஞர் ரங்கநாதன் 1931ல எழுதின அஞ்சு நூலக விதிகள பிற்பாடு படிச்சேன். நாலாவது விதி வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துன்னு சொல்லுது, அத படிச்சதும் அந்த தாத்தா நடந்த நடை தான் ஞாபகம் வந்துச்சு. புக்க திருப்பி தர வந்தப்ப ரிட்டர்ன் பெட்டில போடாம என்ன தேடி வந்து கையில குடுத்தார், "நீயே வச்சிடும்மா, இடம் உனக்குத்தான் தெரியும்"னார்.

* * *

மேல ஒருத்தர் எழுதின இந்த லைப்ரரி கதைய படிச்சதும் எனக்கும் எழுதணும் போல இருக்கு. நானும் லீவுல தான் ஒரு லைப்ரரில வேலை பாத்தேன், கவுண்டர் பக்கம். ஒரு பையன் உடம்பு பத்தி புக் வேணும்னான், 612 ரேக்க காட்டினேன், அங்கேயே சும்மா நின்னுட்டு இருந்தான். எதுக்குப்பா, ப்ராஜெக்ட்டான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, அம்மாவுக்கு கிட்னில ஏதோன்னு சொல்றாங்க, வீட்ல எனக்கு யாரும் புரியற மாதிரி சொல்ல மாட்டேங்கறாங்கன்னான். அவனுக்கு வேண்டியது 616, நோய்கள் இருக்கிற ரேக். முதல்ல கேக்கறது ஒண்ணு, நிஜமா வேணுங்கறது வேற, நிறைய பேர் அப்படித்தான் கேப்பாங்க.

மறுநாள் அவனோட அக்கா வந்து, தம்பி என்ன புக் எடுத்தான்னு கேட்டாங்க. யார் எடுத்தத யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு முதல் நாளே எங்களுக்கு சொல்லியிருந்தாங்க, அதனால சொல்லல, அவங்களுக்கு வருத்தம் தான். அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாங்க, என்கிட்ட எதுவும் கேக்காம நேரா 616 பக்கம் போனாங்க.