கனன்ட்ரம் வெந்நீர் ஊற்றில் இரண்டு இரவு

போன ஜூலையில் நானும் மச்சானும் அமெரிக்காவின் கொலராடோவில் ஆஸ்பென் ஊருக்குத் தெற்கே இருக்கும் கனன்ட்ரம் வெந்நீர் ஊற்றுக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்தோம். போக மட்டும் எட்டரை மைல், ஏறக்குறைய 14 கிலோமீட்டர். ஊற்று இருப்பது 11,200 அடி உயரத்தில். நடையைவிட அனுமதிச் சீட்டுதான் பெரும்பாடு. 2018-லிருந்து அங்கே இரவு தங்கச் சீட்டு கட்டாயம். அதற்கு முன்னால் கூட்டம் நெரிந்து, குப்பையும் மலமுமாக நாறியதாம். இப்போது மலத்தைக்கூடப் பையில் கட்டிக் கையோடு கொண்டுவரச் சொல்கிறார்கள். முதலில் முகம் சுளித்தேன். ஊற்றின் நீரைப் பார்த்தபிறகு அது நியாயம்தான் என்று பட்டது.

பாதை ஓடையை ஒட்டியே ஏறுகிறது. முதலில் ஆஸ்பென் மரங்கள், இடுப்பளவு பூச்செடிகள். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டோம். 2019 மார்ச்சில் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கிய பனிச்சரிவு சாய்த்த மரங்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, அறுத்துப் போட்ட கதிர்போல எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்து.

ஊற்றை அடையும்போது மாலை நான்கு மணி. குளம் பெரிதில்லை, கல் அடுக்கிய ஒரு தொட்டி அளவுதான். "வெந்நீர்" என்றதும் ஆவி பறக்கும் என்று நினைத்திருந்தேன். நம் உடம்புச் சூடு இருக்கும், அவ்வளவுதான். ஆனால் எதிரே மலையில் ஜூலையிலும் பனித்திட்டு தெரிய, கழுத்துவரை அதில் கிடந்தால் தோள்பட்டையில் பையின் பட்டை அழுத்திய வலி தானாக இறங்குகிறது. இன்னொன்று, உள்ளே இருந்த யாரும் ஒரு நூல் துணிகூட உடுத்தவில்லை. அங்கே அது வழக்கம். முழுக்கால் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு இறங்கிய மச்சானைத்தான் எல்லோரும் விநோதமாகப் பார்த்தார்கள்.

அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மாட்டுக் கதை சொன்னார். 2012-ல் பக்கத்திலிருந்த பழைய வனக்காவலர் குடிசைக்குள் மாடுகள் உறைந்து செத்துக் கிடந்தன. பனிக்கு ஒதுங்கியவை, வெளியே வரத் தெரியவில்லை. அழுகினால் ஊற்றுநீர் கெடுமே என்று வெடிவைத்துத் தகர்க்கவும் யோசித்து, கடைசியில் ரம்பத்தால் அறுத்து அப்புறப்படுத்தினார்களாம். கதையாக விடுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால் அத்தனையும் உண்மை!

சாப்பாட்டுக்கு அவலும் பருப்புப்பொடியும். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அரிசி வேகவைக்கிறேன் என்று கிளம்பினால் எரிவாயுதான் தீரும். சாப்பிட்ட பிறகு வாசனை உள்ள எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாத டப்பாவில் பூட்டி, கூடாரத்திலிருந்து நூறடி தள்ளி வைத்தோம். உணவு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசுவது எல்லாமே அதற்குள் போக வேண்டும்.

இரவு இரண்டு மணி இருக்கும். கரக், கரக் என்று ஒரு சத்தம். எதையோ நிதானமாகக் கடிக்கிற சத்தம்.

"மாப்ளே, அமிர்தாஞ்சன் எங்க வெச்சீங்க?" என்று கிசுகிசுத்தார் மச்சான்.

என் சட்டைப்பையில்தான் இருந்தது. படுக்கும்போது நெற்றியில் வேறு தாராளமாகத் தடவியிருந்தேன். கூடாரம் முழுக்க அந்த வாசனை. குப்பியைக் கைக்குள் பொத்தி, போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை, நெருங்கவும் இல்லை. கால்மணி நேரம் பொறுத்து மச்சான்தான் ஜிப்பை இரண்டு விரற்கடை திறந்து விளக்கடித்தார்.

முள்ளம்பன்றி. மரத்தில் சாய்த்துவைத்திருந்த என் நடைக்கோலின் கைப்பிடியை இரு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டு, கரும்பு தின்பதுபோல் தின்றுகொண்டிருந்தது. பகலெல்லாம் ஊறிய வியர்வையின் உப்புதான் அதற்கு ருசி. வெளிச்சத்தைச் சட்டைசெய்யவே இல்லை. மச்சான் கைதட்டியபிறகு, அவசரமில்லாமல் முதுகைக் காட்டி நடந்தது.

மறுநாள் டிரையாங்கிள் கணவாய்க்கு ஏறக் கிளம்பினோம். பதினொரு மணிக்கே மேகம் கறுத்தது. அந்த மலைகளில் மதியத்துக்குமேல் இடி நிச்சயம் என்பதால் பாதியில் திரும்பி, மறுபடி ஊற்றில்போய் விழுந்தோம். நடைக்கோல் இரண்டையும் இம்முறை கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஒன்றில் கைப்பிடி பாதிதான் மிச்சம். மூன்றாம் நாள் அதில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் இறங்கினேன்.