புதுப்பிப்பு: சுட்டியின் வயிற்றுப்போக்கு

எங்கள் பூனை சுட்டிக்கு 3 வாரமாக வயிறு இளகிப் போகிறது, சிலநேரம் சளிபோல வருகிறது என்று போன மாதம் இங்கே எழுதியிருந்தேன். பாலை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன். (வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காதாம், அம்மா இன்னும் நம்பவில்லை.) கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அப்புறம் ஹட்டனில் பஸ் ஏறி, கூடையோடு பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். வழியெல்லாம் கத்தல். முன்பு ஊரில் ஒருமுறை மலம் சோதித்து ஒன்றுமில்லை என்றிருந்தார்கள். சில குடல் கிருமிகள் தினமும் மலத்தோடு வெளியே வராதாம். அதனால் 3 நாள் மலத்தைத் தனித்தனி டப்பாவில் கேட்டார்கள். மூன்றாவதில்தான் அகப்பட்டது: ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி.

எடை பார்த்து ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்து கொடுத்தார்கள், 5 நாள். மணல் தட்டைத் தினமும் கொதிநீரில் கழுவினேன். பின்பக்க மயிரையும் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் நக்கி மறுபடி தொற்றிக்கொள்ளும். அந்தக் கீறல்கள் இன்னும் என் கையில் இருக்கின்றன. பீலித் (ஊற்றுக் குழாய்த்) தண்ணீரை இப்போது அதற்கும் கொதிக்கவைத்தே கொடுக்கிறோம்.

மருந்து முடிந்து 12 நாள், மலம் கட்டியாகவே போகிறது. நேற்று நெத்தலிக் கருவாடு திருடித் தின்றது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை.